லெஸ் ஹார்கரின் வாத்துகள்

ஸ்கிப்டன் நகர மண்டபத்தில் பழைய தபாலட்டைச் சந்தை கூடும் சனிக்கிழமைகளில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒருவர் எதைச் சேர்க்கிறாரோ அதுதான் அங்கே அவர் பெயர். "காற்றாலை வந்தாச்சா?" என்பார்கள். "பூனைக்கு உடம்பு சரியில்லையாம், பாவம்" என்பார்கள். "ரயில் ஸ்டேஷன் ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்கு, பாத்தியா?" என்று மெல்லிய குரலில் வம்பும் பேசுவார்கள். லெஸ் ஹார்கருக்கு அங்கே பெயர் வாத்து. ஓட்லியிலிருந்து பஸ் பிடித்து வருகிற வாத்து. அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

குளத்தில் நீந்துகிற வாத்து இல்லை. கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் அவுட் ஆகிறவன் முட்டை வாங்கினான் என்று நாம் சொல்வோம். இங்கே முட்டையோடு விடுவதில்லை, வாத்தையே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் காலத்து வேடிக்கை அட்டைகளில் இந்த வாத்து அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. காலில் பேடு கட்டிக்கொண்டு பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பவ்வியமாக நடந்து வரும். ஸ்கோர் பலகையின் உச்சியில் உட்கார்ந்து ஊருக்கே சேதி சொல்லும். அம்பயரின் தொப்பிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். லெஸ் சேர்த்தது இவற்றைத்தான். கால்பந்தையோ டென்னிஸையோ கேலி செய்த அட்டையைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார். கோல்ஃப் அட்டைகளைச் சேர்த்துவந்த கென்னத்திடமே, "கோல்ஃப்புக்கு எதுக்குய்யா தனியா கார்ட்டூன்? ஆடறவன் நிக்கற நிலையைப் பாத்தாலே சிரிப்பு வருதே" என்பார்.

வாத்தைக் கேலி செய்ய அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. பஸ் ஓட்டிய காலமெல்லாம் வாரக் கடைசியில் ஒரு சின்னச் சங்கத்தின் இரண்டாம் அணிக்குப் பந்து வீசியவர். வீச்சில் குறை சொல்ல முடியாது. பேட்டிங் என்றால் பதினோராவது ஆள். பன்னிரண்டாவது என்று ஓர் இடம் இருந்திருந்தால் அதற்கும் சம்மதித்திருப்பார். ஒரு கோடையில் வரிசையாக வாத்து மேல் வாத்தாக வாங்கினார். பருவம் முடிந்த விருந்தில் கூட்டாளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு பழைய வாத்து அட்டையைப் பரிசாகக் கொடுத்தார்கள். மற்றவனாக இருந்தால் கிழித்துப் போட்டிருப்பான். லெஸ் அடுத்த வாரமே இன்னொன்றைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தேடுவதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. சந்தையில் வியாபாரிகள் அட்டைகளைத் தலைப்பு வாரியாகப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். 'விளையாட்டு – வேடிக்கை' என்று எழுதிய பெட்டியை லெஸ் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே எல்லாரும் ஏற்கெனவே வழித்து எடுத்திருப்பார்கள். அவர் நேராகப் போய் உட்காருவது 'பறவைகள்' பெட்டிக்கு முன்னால். கிரிக்கெட் தெரியாத வியாபாரி வாத்தைக் கண்டால் எங்கே போடுவார்? பறவையோடுதான் போடுவார். இப்படித் தப்பான பெட்டிகளில்தான் அவருடைய நல்ல அட்டைகள் எல்லாம் மாட்டின. ஃபைன் லெக், அதாவது 'அழகிய கால்', என்று பெயருள்ள திசையில் நிற்கவேண்டிய ஃபீல்டர், எல்லைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டே பந்தைக் கோட்டை விடுகிற அட்டை ஒன்று உண்டு. எல்லைக் கோட்டில் ஒரு வாத்து அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளும். அது 'அழகிகள்' பெட்டியில் கிடைத்தது. அந்தப் பெட்டிக்கு முன்னால் அவர் வெகுநேரம் குனிந்து உட்கார்ந்திருந்ததை ஓட்லி தேவாலயத்து ஆள் ஒருவர் பார்த்துவிட்டுப் போய் ஊதிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவருடைய மனைவி பெரில் கேட்டாள்.

"கால் கிடைச்சுதா?"

"கிடைச்சது."

"நல்லது. கையைக் கழுவிட்டு வா, சாப்பாடு ஆறுது."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு மாற்றம் கிடையாது. அந்த முகத்தைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

லெஸ்ஸுக்கு வாழ்க்கையில் குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. வீட்டுக் கடன் அடைந்துவிட்டது, ஓய்வூதியம் மாதா மாதம் வருகிறது, பின்கட்டில் போட்ட லீக் வெங்காயம் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கியது. பெண் கல்யாணமாகி ஹல் நகரத்தில் சௌக்கியமாக இருக்கிறாள். பெரிலும் அவரும் சண்டை போட்டால் அது ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்காகத்தான் இருக்கும். குறை ஒன்றே ஒன்று. பெரில் சிரித்து அவர் பார்த்ததில்லை.

புன்னகை உண்டு. பால்காரருக்கு, பாதிரியாருக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு. சிரிப்புத்தான் கிடையாது. கல்யாணமான புதிதில் பிராட்ஃபோர்டுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் பார்க்க அழைத்துப் போனார். அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. பெரில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வங்கியில் முறைக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். லெஸ்ஸோ நேர்மாறு. அவர் சிரித்தால் தலை பின்னால் போகும், கண் இறுக மூடும், மேஜையில் இருப்பதெல்லாம் ஆடும்.

அதனால் புதிதாக ஒரு வாத்து கிடைத்தால் மறுநாள் காலை அது மார்மலேட் ஜாடியின் மேல் சாய்ந்து பெரிலுக்காகக் காத்திருக்கும். அவள் டீயை ஊற்றிவிட்டு அட்டையை எடுப்பாள். நிதானமாகப் பார்ப்பாள். லெஸ் பொறுக்கமாட்டாமல் தானே வெடித்துச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார்.

"எப்படி?"

"எது எப்படி?"

"அட்டை."

"நல்லா இருக்கு. டோஸ்ட் ஆறுது."

வேலையில் இருந்த நாளில் லெஸ் முதல் பஸ்ஸை எடுக்க ஓடிவிடுவார், ஓய்வு பெற்றபின் லீக் பாத்திக்கு. ஒன்றா இரண்டா, ஆல்பங்கள் பெருகி அலமாரி நிறைந்துபோயிற்று. ஆனால் மனுஷர் தளரவில்லை. எங்கேயோ ஒரு பெட்டியில், ஏதோ தப்பான தலைப்புக்குக் கீழே, பெரிலைச் சிரிக்கவைக்கிற அட்டை கிடக்கிறது, நாம்தான் இன்னும் எடுக்கவில்லை என்று உறுதியாக நம்பினார். சந்தையில் யாரும் இதை அறியமாட்டார்கள். வாத்துப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். பைத்தியம் வாத்து மேல் இல்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதன்மேல் ஒரு மூடியை ஒட்டி, தேய்க்கக் கூடாது, குனியக் கூடாது என்று ஆயிரம் கூடாதுகளைச் சொல்லி அனுப்பினார்கள். இடது கண்ணிலும் புரை. அதன் முறை வசந்தத்தில்தான். அந்தக் கண்ணுக்கு உலகம் முழுக்கப் பால் கொட்டின மாதிரி தெரிந்தது. ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர், இப்போது வருவது பஸ்ஸா பால் வண்டியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த நேரம் பார்த்து ஸ்கிப்டன் சந்தையும் வந்தது. லெஸ் வீட்டுக்குள் நடந்து நடந்து கம்பளத்தைத் தேய்த்தார்.

"போக வேண்டாம்னு சொன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவே," என்றாள் பெரில். "நானும் வர்றேன். நான் பாத்துச் சொல்றேன், நீ கேட்டுக்கோ."

"உனக்குச் சள்ளையா இருக்கும்."

"இங்க மட்டும் நாட்டியம் ஆடிக்கிட்டா இருக்கேன்? கோட்டை எடு."

லெஸ்ஸுக்கு உள்ளூரக் கலக்கம்தான். தேவாலயத்தில் அடுத்த வாரத்து அறிவிப்புகளை வாசிக்கிறவள் பெரில். யார் செத்தார், எந்தக் குழாய் உடைந்தது என்று அவள் படிக்கிற அதே குரலில் நகைச்சுவை அட்டையைப் படித்தால் வாத்து என்ன ஆகும்?

மண்டபத்தில் அவரை முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் "வாத்துக்கு என்னாச்சு? கடற்கொள்ளைக்காரன் மாதிரி ஆயிட்டே!" என்று குரல்கள். அட்டை விற்கும் திருமதி பின்ஸின் மேஜைக்கு வந்தார்கள். அந்தம்மாளுக்குக் கிரிக்கெட் என்றால் வேப்பங்காய். அதனாலேயே லெஸ்ஸுக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

"உக்காரு கண்ணு, ரெண்டு பேரும் உக்காருங்க," என்று இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார் பின்ஸ். முக்காலியில் உட்கார்ந்துவிட்டால் பெட்டி உட்கார்ந்தவருடையது. எழுந்திருக்கும்வரை வேறு யாரும் கை வைக்கக் கூடாது. கூரையைப் பார்த்துக்கொண்டு பின்னால் நிற்கலாம், அவ்வளவுதான். பூனை அப்படித்தான் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் காற்றாலை.

"பறவைகள்," என்றார் லெஸ்.

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "குருவி. குருவி. இது குருவிதான், ஆனா நீலம். ஆந்தை. தொப்பி போட்டிருக்கு."

"விடு."

"அன்னம். ராணி தோட்டத்து அன்னம்னு போட்டிருக்கு. அழகா இருக்கு."

"விடு, பெரில்."

"வாத்து."

"ஆ! என்ன பண்ணுது?"

"நீந்துது."

"காலைப் பாரு. பேடு கட்டியிருக்கா?"

"வாத்து எதுக்குப் பேடு கட்டும்? தண்ணியில சளி பிடிச்சுடும்னா?"

பின்னால் பூனை 'களுக்' என்றார். பெரில் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பூனை மறுபடி கூரையைப் பார்த்தார். நாரையும் மீன்கொத்தியும் போயின. ஒரு கோழி, தவறி வந்தது, அதுவும் போயிற்று. பிறகு பெரில் ஓர் அட்டையில் நின்றாள்.

"இதோ ஒண்ணு. ஆள். குண்டு. வெள்ளை பேண்ட். பேட் கக்கத்துல. வீட்டுக்கு வர்றான்போல. மூஞ்சி தொங்கிப்போயிருக்கு, உனக்குத் தொங்குமே அந்த மாதிரி."

"வாத்து இருக்கா?"

"பின்னாலயே வருது. வாசல் வரைக்கும் வந்துடுச்சு. வாசல்ல அவன் பொண்டாட்டி நிக்கறா."

"அவ என்ன பண்றா?"

"நிக்கறா, அதான் சொன்னேனே. ஒரு கையில கறி சுடற தட்டு. இன்னொரு கையில கத்தி. ஏப்ரன் துவைச்சு நாளாச்சு."

"கீழ எழுதியிருக்கறதைப் படி."

பெரில் தொண்டையைச் செருமினாள். குழாய் உடைந்த சேதியை வாசிக்கும் அதே குரலில் வாசித்தாள்: "'பரவாயில்லையே, இத்தனை வருஷம் கிரிக்கெட் ஆடி இன்னிக்குத்தான் வீட்டுக்கு உபயோகமா ஒண்ணு கொண்டு வந்திருக்கே.'"

லெஸ்ஸின் தலை பின்னால் போயிற்று. முக்காலி ஆடியது. பூனை வாய்விட்டுச் சிரித்தார், காற்றாலை பூனையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேஜையில் சண்டைக்கார ரயில் ஸ்டேஷன்கூடச் சிரித்தது. "நான் அதைப் பறவைன்னு நெனச்சேன் கண்ணு," என்று பின்ஸ் பரிதாபமாகச் சொன்னதும் இன்னொரு அலை எழுந்தது.

"நல்ல கொழுத்த வாத்து," என்றாள் பெரில். "நாலு பேருக்கு வரும். வாங்கறியா?"

வாங்கினார். அவரிடம் இல்லாத அட்டை. இருக்கிறது என்று கேள்விப்படாத அட்டை. ஆனால் சிரித்து முடித்த மறுகணம் லெஸ் பக்கத்து முக்காலிக்குக் காதைக் கொடுத்தார். அங்கே சத்தமே இல்லை. அட்டைகள் ஒவ்வொன்றாக விழுகிற ஓசை மட்டும் கேட்டது: கிளி, கிளி, புறா.

அவருக்குச் சட்டென்று எல்லாம் வெறுத்துப்போயிற்று. பொண்டாட்டி, கறித் தட்டு, உருப்படாத கிரிக்கெட்காரப் புருஷன். இத்தனை வருஷம் அவர் தேடிக்கொண்டிருந்த அட்டை ஒன்று இருக்குமானால் அது இதுதான். இதைவிட அவளுக்கென்றே வரைந்த அட்டை அச்சாகியிருக்கப்போவதில்லை. இதற்கும் சிரிக்கவில்லை என்றால் இனி எதற்கும் இல்லை.

"போதும்," என்றார். "டீ குடிக்கலாம் வா."

"இன்னும் பாதிப் பெட்டி இருக்கே."

"போதும்னேனே."

மண்டபத்தின் கோடியில் டீ, பழக் கேக், அதன்மேல் ஒரு துண்டு பாலாடைக்கட்டி. கோல்ஃப் கென்னத் அங்கே உட்கார்ந்திருந்தார். பெரில் தட்டுகளை வாங்கிவரப் போன நேரத்தில் லெஸ் அவரிடம் சொன்னார்.

"கென்னத், என் ஆல்பமெல்லாம் மொத்தமா எடுத்துக்கற ஆள் யாராவது இருந்தாச் சொல்லு."

"என்னய்யா, கண்ணுதானே? அது சரியாயிடும்."

"கண்ணு இல்லை. போதும்னு தோணுது."

பெரில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு கேஸ் கட்டணத்துக்குப் போயிற்று, பிறகு கென்னத்தின் மூட்டு வலிக்குப் போயிற்று. லெஸ் கேக்கை மென்றுகொண்டிருந்தார். கேக் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு ருசி தெரியவில்லை.

அப்போதுதான் எதிரே ஒரு கோப்பை சாசரில் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது.

"பெரில்?"

பால் படிந்த கண்ணுக்கு ஒரு நீலக் கோட்டு உருவம் முன்னும் பின்னும் ஆடுவது மட்டும் தெரிந்தது.

"ஐயையோ, லெஸ்!" என்று கத்தினார் கென்னத். "உன் பொண்டாட்டிக்குக் கேக் தொண்டையில மாட்டிக்கிச்சு! மூஞ்சியெல்லாம் செவந்துபோச்சு! மூச்சு வரலைய்யா!"

லெஸ்ஸுக்கு உயிரே போய்விட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி ஓடி, பந்து வீசிய கையை ஓங்கி முதுகில் ஒரு அறை அறைந்தார். அது கென்னத்தின் முதுகு. கென்னத்தின் டீ அவர் சட்டையிலேயே கொட்டியது. இரண்டாவது அறை சரியான முதுகில் விழுந்தது. மூன்றாவதுக்குக் கை ஓங்கும்போது அந்த முதுகு பேசிற்று.

"அடிக்காதே, கிறுக்கா! சிரிச்சுக்கிட்டு இருக்கேன்!"

ஓங்கிய கையை லெஸ் மெல்ல இறக்கினார்.

"என்ன பண்றே?"

"சிரிக்கறேன்யா."

"எதுக்கு?"

"வாத்துக்குத்தான். வேற எதுக்கு? அவ கத்தியோட நிக்கறா பாரு, நீ..." என்று தொடங்கியவள் மறுபடி ஆடத் தொடங்கினாள். "நீ வாங்கின வாத்து எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தா நாம கறிக்கடை வாசலையே மிதிச்சிருக்க வேண்டாமேன்னு நெனச்சேன். பின்கட்டு பூரா... அத்தனையும் பேடு கட்டிக்கிட்டு..."

லெஸ் முகத்தை அவள் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுபோனார். ஒரு கண்ணில் மூடி, ஒரு கண்ணில் பால். சிவப்பாக ஏதோ குலுங்குவதுபோல் இருந்தது. சத்தம் துளியும் இல்லை. அவர் கண்ணைச் சுருக்கிக் கூர்ந்து பார்ப்பதற்குள் குலுங்கல் நின்றுவிட்டது. பெரில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது," என்றாள். "உக்காரு. கென்னத்துக்கு வேற டீ சொல்லு."

லெஸ் உட்காரவில்லை. "நீ சிரிப்பியா?"

"இதென்ன கேள்வி? சிரிக்காம யாரு இருப்பா?"

"நான் பாத்ததே இல்லையே!"

"எனக்கு உடனே வராது, லெஸ். மெதுவாத்தான் வரும். உள்ள போய்ச் சுத்திட்டு, வேற வேலையா இருக்கும்போது வந்து நிக்கும். அதுக்குள்ள நீ டெப்போவுக்குப் போயிருப்பே, இப்பன்னா லீக் பாத்திக்கு."

"ஒரு சத்தம்கூட இல்லையே?"

"எங்கப்பாவுக்கு மில்லுல ராத்திரி ஷிஃப்ட்டு. பகல்ல தூங்குவார். வீட்டுல ஆறு பசங்க. சத்தம் போட்டுச் சிரிச்சா முதுகுத் தோல் உரிஞ்சுடும். எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான். என் தங்கச்சி சிரிச்சா காதுதான் ஆடும்."

"அப்போ காலையில ஜாடிமேல வப்பேனே அந்த அட்டை எல்லாம்?"

"எல்லாத்துக்குமா சிரிப்பு வரும்? சிலது மட்டம். அந்த அம்பயர் தொப்பி வாத்து மட்டும் என் உயிரை வாங்கிடுச்சு. ரொட்டிக் கடை வரிசையில நின்னேன், உள்ள இருந்து ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்க, எனக்கு வலிப்புன்னு. உன் பஸ்ஸுலயே எத்தனை தடவை சிரிச்சிருக்கேன். கடைசி சீட்டுல. எல்லாரும் பாப்பாங்க. நீ ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பே. பாக்கத்தான் வேணும், அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்."

லெஸ்ஸுக்கு முதலில் வந்தது கோபம். ரொட்டிக் கடைக்காரன் பார்த்திருக்கிறான். ஓட்லியில் பஸ் ஏறினவனெல்லாம் பார்த்திருக்கிறான். கொண்டுவந்து கொடுத்தவன் மட்டும் பார்க்கவில்லை.

"சாயங்காலம் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"காலையில பாத்த அட்டைக்குச் சாயங்காலம் போய்ச் சிரிச்சேன்னு சொன்னா என்னை லூசும்ப. நீதான் 'எப்படி எப்படி'ன்னு அந்த நிமிஷமே பிடுங்குவியே. அப்புறம் மறந்துடுவே." கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். "நீ சிரிக்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கறதே எனக்குப் போதுமா இருந்துச்சு. அதுவும் ஒரு வேடிக்கைதானே."

கோபம் போன இடம் தெரியவில்லை. லெஸ் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். கென்னத் ஈரச் சட்டையோடு, "ஆல்பத்துக்கு ஆள் பாக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"உளறாதே," என்றார் லெஸ்.

இரண்டு வாரத்தில் கண் மூடியை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் உலகம் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தது. பெரிலுக்கு இத்தனை சுருக்கம் எப்போது விழுந்தது என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினார். மறுநாளே ஜாடிமேல் அட்டை ஏறியது. இந்தத் தடவை லெஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார், 'எப்படி' கேட்கவில்லை. பெரில் பார்த்தாள், "ம்" என்றாள், பாத்திரம் கழுவப் போனாள். லெஸ் எழுந்து பின்னாலேயே போனார். துணி உலர்த்தப் போனாள். கிளிப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டிக் கடைக்குப் போனாள். பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், கண்ணை அவள் முகத்தை விட்டு எடுக்காமல்.

"என்ன, போலீஸ்காரன் மாதிரி கூடவே வர்றே?"

"சும்மா."

"இப்படி வெறிச்சுப் பாத்தா வராது, லெஸ். வர்றதுகூட உள்ளயே போயிடும்."

வரவில்லைதான். அந்த வாரம் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகக் காத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் வேறு அட்டை வைத்தார், அதற்கும் நடக்கவில்லை. பெரில் அலுத்துக்கொண்டு ஹல்லுக்கே போய்ப் பெண்ணோடு இருக்கப்போகிறேன் என்று மிரட்டினாள். லெஸ் காவலைக் கைவிட்டார். ஆனால் அட்டை வைப்பதைக் கைவிடவில்லை.

நவம்பர் கடைசியில் கண்ணைக் காட்டிவர லீட்ஸுக்குக் கிளம்பினார்கள். அன்று காலை ஜாடிமேல் இருந்தது ஒரு மணமகன் அட்டை: தேவாலய வாசலில் கோட்டுப் போட்டு, பேட்டைக் கக்கத்தில் இடுக்கிய மாப்பிள்ளை, பக்கத்தில் முக்காடு போட்ட பெண், பெண்ணின் நீண்ட அங்கியின் நுனியை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டு வரிசையாக வாத்துகள். 'மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தங்கள்' என்று கீழே எழுதியிருந்தது. பெரில் பார்த்தாள். குடை எடுத்துக்கிட்டியா என்று கேட்டாள்.

பஸ்ஸில் இடது பக்கத்து இரட்டை இருக்கை கிடைத்தது. லெஸ் ஜன்னல் ஓரம், பெரில் நடைபாதை ஓரம். பஸ் ஊரைத் தாண்டி மேட்டு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முனகியது. டிரைவர் சின்ன வயசு, கிளட்சைப் போட்டு வதைக்கிறானே என்று லெஸ் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது இருக்கை அதிர்ந்தது.

எஞ்சின் என்றுதான் முதலில் நினைத்தார். எஞ்சின் அதிர்வு அடியிலிருந்து வரும். இது பக்கத்திலிருந்து வந்தது. அவருடைய இடது தோள் சும்மா இருக்க, வலது தோள் மட்டும் குலுங்கியது. பெரிலின் தோள் அதன்மேல் பட்டுக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி குலுங்கியது, முன்னைவிடப் பலமாக. நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரோ, "உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்கள். பதில் சொல்கிற நிலையில் அவள் இல்லை.

கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். கழுவித் துடைத்த புதுக் கண் இருக்கிறது, ஒரு முழத் தூரத்தில் அந்த முகம் இருக்கிறது. இதற்காகத்தான் எத்தனையோ சந்தை, எத்தனையோ பெட்டி. லெஸ் இரண்டு கையாலும் குடையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்தார். திரும்பினால் நின்றுவிடும். அது நிற்கக் கூடாது என்று மட்டும்தான் அவருக்கு இருந்தது. தோள் குலுங்கக் குலுங்க வெளியே வேலியும் புல்லும் கலங்கிக் கலங்கி ஒன்றாயின. கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஏற்றம் முடிந்தபோது பெரில் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"வெளிய அப்படி என்னத்தைப் பாக்கறே?"

"ஆடு," என்றார் லெஸ்.

"அவ்வளவு தூரத்துல இருக்கறது தெரியுதா?"

"நல்லாத் தெரியுது," என்றார் லெஸ், இன்னும் திரும்பாமல்.